புரொஜெக்டரின் முதுகைப் பார்த்துவிட்டுக் கன்ட்ரோலர் வாங்குங்கள்

ஹோம் தியேட்டரை ஒரே பொத்தானில் இயக்க எந்த போர்டு (மற்ற கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் கன்ட்ரோலர்) வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் புரொஜெக்டரின் பின்பக்கத்தில் என்னென்ன துளைகள் இருக்கின்றன? பெரும்பாலோர் விழிப்பார்கள். மாட்டிய நாளிலிருந்து அது கூரையில் தலைகீழாகத் தொங்குகிறது. அதன் முதுகை யார் பார்த்தது?

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சென்னை ரிச்சி தெருவில் கடைக்காரர் எடுத்து நீட்டிய ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினியை வாங்கி வந்த பிறகுதான் அதற்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசித்தேன். விளக்கு, திரை, ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டினேன். மூன்றாவது மாதம், ஒரு மழை இரவில் மின்சாரம் இரண்டு முறை போய் வந்ததில் அதன் மென்பொருள் இருந்த எஸ்டி கார்டு கெட்டது. உறவினர்கள் படம் பார்க்க உட்கார்ந்திருக்க, ஹால் விளக்கைக்கூடப் போட முடியாமல் கைப்பேசி வெளிச்சத்தில் ஒயரைத் தேடிக்கொண்டிருந்தேன். சுவர் சுவிட்சை நானே கழற்றி மூடி வைத்திருந்தேன், அழகுக்காக.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: கன்ட்ரோலரைப் பிடுங்கி வீசினாலும் பழைய ரிமோட்டும் சுவர் சுவிட்சும் எப்போதும் போல வேலை செய்ய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த விதிக்கு உட்பட்டது.

முதலில் ஒரு தாள்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுங்கள். இடப்பக்கம் கருவிகளின் பெயர்: டிவி அல்லது புரொஜெக்டர், ஏவி ரிசீவர் (படத்தையும் ஒலியையும் வாங்கி டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் அனுப்பும் ஆம்ப்ளிஃபையர்), செட்டாப் பாக்ஸ், ஏசி, விளக்குகள், மோட்டார் திரை. வலப்பக்கம், அந்தக் கருவி எந்தக் கட்டளைக்குக் காது கொடுக்கும் என்பதை எழுத வேண்டும். இதற்கு அரை மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் வாங்கிய போர்டுகள் என் அலமாரியில் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

ஏறக்குறைய எல்லாக் கருவிக்கும் அகச்சிவப்புக் கதிர் புரியும். நம் ரிமோட்டின் மூக்கில் இருக்கும் சிறு எல்இடி, பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை துடிக்கும் ஒளியில் செய்தியை அனுப்புகிறது. மலிவு, எளிது. ஆனால் இது ஒருவழிப் பேச்சு. கருவி கேட்டதா இல்லையா என்று ரிமோட்டுக்குத் தெரியாது, கன்ட்ரோலருக்கும் தெரியாது.

அடுத்தது எச்டிஎம்ஐ கேபிளுக்குள்ளேயே ஓடும் சிஇசி, ஒரு கருவி இன்னொன்றுக்குக் கட்டளை அனுப்பும் வழி. கேபிளின் 13ஆவது பின் (இணைப்பு முள்) இதற்கென்றே உள்ளது. சாம்சங் இதை அனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. பெயர்தான் வேறு. டிவியின் அமைப்புகளில் இதை இயக்கிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். டிவி அணைந்தால் ரிசீவரும் அணைகிறது, பிளேயரைப் போட்டால் டிவி தானாகச் சரியான இன்புட்டுக்குப் போகிறது என்றால், உங்கள் தேவை அதோடு முடிந்திருக்கலாம். அப்படியானால் கன்ட்ரோலரே வேண்டாம். மிச்சப்படும் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் கேபிள் வாங்குங்கள். பல கம்பெனிக் கருவிகளை ஒன்றாகக் கோத்தால் சிஇசி சில நேரம் முரண்டு பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது, புரொஜெக்டரின் முதுகில் ஒன்பது முனைகளோடு இருக்கும் ஆர்எஸ்-232 துளை. பழைய தொழில்நுட்பம்தான், ஆனால் தங்கம். கட்டளை அனுப்பினால் பதில் வரும். லான் (நெட்வொர்க் கேபிள்) துளையும் இருந்தால் உங்கள் புரொஜெக்டருக்கு பிஜேலிங்க் தெரியுமா என்று கையேட்டில் தேடுங்கள். இது பல புரொஜெக்டர் கம்பெனிகளுக்குப் பொதுவான மொழி. 4352 என்ற நெட்வொர்க் போர்ட் எண்ணில் பேசும். அணைந்திருக்கிறேன், எரிகிறேன், சூடாகிக்கொண்டிருக்கிறேன், ஆறிக்கொண்டிருக்கிறேன் என்று நான்கு நிலைகளையும் கேட்டால் சொல்லும். இந்தக் கடைசி நிலை எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் தெரியும்.

நான்காவது, 12 வோல்ட் டிரிகர். ஹெட்போன் துளைபோல 3.5 மில்லிமீட்டரில் இருக்கும். ரிசீவர் விழித்ததும் இதில் 12 வோல்ட் வரும். இறங்கி ஏறும் திரைகளில் பலவற்றுக்கு இதை நேராகச் செருகினாலே போதும்.

கடைசியாக, எந்த மொழியும் தெரியாத கருவிகள்: சாதாரண விளக்கு, சாதாரண மின்விசிறி. மின்சாரம் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். இவற்றுக்குத்தான் ரிலே, அதாவது போர்டின் சிறு சிக்னலால் இயங்கும் சுவிட்ச்.

போர்டைத் தேர்ந்தெடுத்தல்

தாளைப் பாருங்கள். வலப்பக்கம் முழுக்க அகச்சிவப்பு மட்டுமே என்றால், சாலிடரிங் ஆசை இல்லாதவர்கள் வைஃபை ரிமோட் என்று விற்கும் உருண்டைப் பெட்டி ஒன்றை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வாங்குமுன் ஒன்று மட்டும் கேளுங்கள்: இணைய இணைப்பு இல்லாமல், வீட்டு வைஃபை மட்டும் இருந்தால் இது வேலை செய்யுமா? ஒருமுறை நான் வாங்கிய பெட்டி, எங்கோ ஒரு சர்வர் படுத்தபோது என் டிவியையும் சேர்த்துப் படுக்க வைத்தது. பெரிய பெயர்களும் நிரந்தரமில்லை. இந்தத் துறையில் பலரும் முன்மாதிரியாகச் சொல்லிவந்த ஹார்மனி ரிமோட்டுகளின் தயாரிப்பை லாஜிடெக் 2021இல் நிறுத்திக்கொண்டது.

நீங்களே செய்வதென்றால் கண்ணில் படும் பெயர்கள் நான்கைந்து.

ஆர்டுவினோ யூனோ, கற்றுக்கொள்ள அருமையான போர்டு. 5 வோல்ட்டில் ஓடுவதால் கொஞ்சம் அடியும் தாங்கும். ஆனால் வழக்கமான யூனோவில் வைஃபை கிடையாது. நினைவகம் 2 கிலோபைட்தான். பொத்தானை அழுத்தினால் மூன்று ரிமோட் கட்டளை போக வேண்டும், கைப்பேசி எல்லாம் தேவையில்லை என்றால் யூனோவே போதும். உண்மையில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய.

ஈஎஸ்பி8266 போர்டுகள் மிக மலிவு, வைஃபை உண்டு. பல வருடம் இதைத்தான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். இப்போது சொல்வதில்லை. ரிமோட் சிக்னலின் துடிப்பை இது மென்பொருளிலேயே எண்ணி அனுப்ப வேண்டியிருக்கிறது. நடுவில் வைஃபை வேலை குறுக்கிட்டால் துடிப்பு பிசகும். பத்தில் ஒரு முறை டிவி கேட்காமல் போவது, எப்போதுமே கேட்காததைவிட எரிச்சலூட்டும்.

ஈஎஸ்பி32தான் புதியவர்களுக்கு என் பதில். சில நூறு ரூபாய். வைஃபை, புளூடூத் இரண்டும் உண்டு. ரிமோட் துடிப்புகளை உருவாக்கவும் படிக்கவும் சிப்பிலேயே தனி உறுப்பு இருக்கிறது. பிற வேலைகள் எப்படி ஓடினாலும் துடிப்பு பிசகாது. இயங்குதளம், எஸ்டி கார்டு எதுவும் இல்லாததால் மின்சாரம் போய் வந்தால் சில நொடிகளில் எழுந்து நிற்கும். நம் ஊர் மின்வெட்டுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ராஸ்பெர்ரி பை பைக்கோ டபிள்யூ நல்ல போர்டு. மைக்ரோபைத்தான் என்ற நிரல் மொழி தெரிந்தவர்கள் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் வழிகாட்டிகளும் ஆயத்த மென்பொருளும் ஈஎஸ்பி32க்கு இருக்கும் அளவுக்கு இதற்கு இல்லை.

பெரிய ராஸ்பெர்ரி பை ஒரு முழுக் கணினி. விளக்கைப் போடவும் டிவியை அணைக்கவும் ஒரு கணினி எதற்கு? படக்கோப்புகளைச் சேமித்து ஓட்டுவது, வீட்டின் எல்லாக் கருவிகளையும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருள் வழியாக ஒரே திரையில் கொண்டுவருவது போன்ற பெரிய ஆசைகள் வரும்போது வாங்கலாம். அப்போதும் ரிலேயையும் ரிமோட் எல்இடியையும் ஈஎஸ்பி32இடமே விட்டுவிடுங்கள். பெரியவர் படுத்தாலும் சின்னவர் வேலையைப் பார்ப்பார்.

ஈஎஸ்பி32 வாங்கும்போது 30 அல்லது 38 பின் உள்ள சாதாரண டெவலப்மென்ட் போர்டாக வாங்குங்கள். எல்லாப் பின்னும் ஒன்றல்ல. 34 முதல் 39 வரை உள்ளவை உள்ளே வாங்க மட்டும். அவற்றில் எல்இடி எரியாது. 6 முதல் 11 வரை போர்டின் சொந்த நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டவை, தொடக்கூடாது. 12ஆம் பின்னில் எதையாவது இணைத்துவிட்டு, போர்டு எழவே மாட்டேன் என்கிறது என்று ஒரு முழு மாலையை நான் தொலைத்திருக்கிறேன். தொடங்கும் நேரத்தில் அந்தப் பின்னில் மின்னழுத்தம் இருந்தால் சிப் குழம்பிவிடும். 18, 19, 21, 22, 23, 25, 26, 27 ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டால் ஒரு ஹோம் தியேட்டருக்குத் தாராளம்.

ரிமோட்டை ஒட்டுக்கேட்பது

இந்தப் பகுதியை நின்று நிதானமாகச் செய்யுங்கள். மொத்த வேலையின் சுவையே இங்கேதான்.

ரிமோட்டின் சிக்னலைப் படிக்க மூன்று கால் உள்ள ஒரு சிறு அகச்சிவப்பு ரிசீவர் வேண்டும் (ஏவி ரிசீவர் அல்ல). கடையில் ரிசீவர் என்று கேட்டால் டிஎஸ்ஓபி 1738ஐ எடுத்துக் கொடுப்பார்கள். அது 5 வோல்ட் ஆசாமி. ஈஎஸ்பி32இன் பின்கள் 3.3 வோல்ட்டுக்குப் பழகியவை. எனவே 3.3 வோல்ட்டிலேயே ஓடும் டிஎஸ்ஓபி 38238ஐக் கேட்டு வாங்குங்கள். இணைக்குமுன் கால்களின் வரிசையைத் தரவுத்தாளில் பார்த்துவிடுங்கள். இந்த இரண்டுக்கும் வரிசை வேறு. மாற்றி இணைத்தால் ரிசீவர் விரலைச் சுடும், பிறகு பேசாது.

இணைத்து, மாதிரி நிரலை ஏற்றி, ரிமோட்டை ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். கணினித் திரையில் எண்கள் கொட்டும். பரவலாக உள்ள என்இசி முறையில் முதலில் 9 மில்லிநொடி நீண்ட ஒளி, பிறகு 4.5 மில்லிநொடி அமைதி, அதன்பின் 32 பிட் செய்தி. ஒவ்வொரு பொத்தானையும் மூன்று முறை அழுத்தி, மூன்றிலும் ஒரே எண் வந்தால் மட்டும் தாளில் எழுதுங்கள். ஜன்னல் வெயில் ரிசீவர்மேல் விழுந்தாலோ சில மலிவு எல்இடி விளக்குகள் எரிந்தாலோ குப்பை எண்கள் வரும். திரைச்சீலையை இழுத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஏசி ரிமோட் மட்டும் வேறு ரகம். வெப்பநிலைப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் "ஒன்று கூட்டு" என்று அது சொல்வதில்லை. வெப்பநிலை, விசிறி வேகம், முறை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நீண்ட செய்தியாக அனுப்புகிறது. ஆகவே "24 டிகிரி, விசிறி மெதுவாக" என்ற ஒரே நிலையைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால் போதும். தியேட்டருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

இனி அனுப்புவது. 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடியை நேராகப் பின்னில் இணைத்தால் அதிக தூரம் போகாது. நடுவில் 2என்2222 டிரான்சிஸ்டர் ஒன்றை வையுங்கள். போர்டின் 5 வோல்ட்டிலிருந்து 33 ஓம் மின்தடை, எல்இடி, டிரான்சிஸ்டரின் கலெக்டர், எமிட்டரிலிருந்து கிரவுண்டு. பேஸுக்கும் போர்டின் பின்னுக்கும் நடுவில் 470 ஓம். எல்இடியில் ஏறக்குறைய 100 மில்லிஆம்பியர் ஓடும். துடிப்பாக மட்டும் ஓடுவதால் எல்இடி தாங்கும். பிசி547 போதாதா என்று கேட்பார்கள். அதன் எல்லையே 100 மில்லிஆம்பியர். விளிம்பில் நிற்க வைக்காதீர்கள்.

எல்இடி எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. கைப்பேசியின் முன் கேமராவைத் திறந்து எல்இடியைப் பாருங்கள்: வெளிர் ஊதாப் புள்ளி ஒன்று படபடக்கும். பின் கேமராக்களில் பலவற்றுக்கு அகச்சிவப்பை மறைக்கும் வடிகட்டி இருப்பதால் அதில் தெரியாமல் போகலாம். புள்ளி தெரிந்தும் டிவி அசையவில்லை என்றால், டார்ச்சை டிவியின் கீழ்விளிம்பில் அடித்து, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ரிசீவர் கண்ணைத் தேடுங்கள். எல்இடியை அதற்கு நேராக ஒட்டிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. சோனிக் கருவி என்றால் ஒரே கட்டளையைக் குறைந்தது மூன்று முறை அடுத்தடுத்து அனுப்ப வேண்டும். ஒரு முறை அனுப்பினால் கண்டுகொள்ளாது.

போட்டதா, அணைத்ததா?

புதியவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் கல் இது. ரிமோட்டின் பவர் பொத்தான் ஒன்றுதான். டிவி அணைந்திருந்தால் போடும், எரிந்தால் அணைக்கும். கன்ட்ரோலர் டிவியைப் போடுவதாக நினைத்துக் கட்டளை அனுப்ப, வீட்டில் யாரோ ஏற்கெனவே ரிமோட்டால் போட்டிருக்க, டிவி அணைந்துவிடும்.

மூன்று வழி உண்டு. சில கருவிகளுக்குப் போடவும் அணைக்கவும் தனித்தனிக் கட்டளைகள் இருக்கும். ரிமோட்டில் பொத்தான் இல்லாவிட்டாலும் கருவிக்குப் புரியும். உங்கள் மாடலுக்கு அந்த எண்கள் கிடைக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால், ஆர்எஸ்-232 அல்லது பிஜேலிங்க் வழியாகக் கருவியையே கேட்கலாம். அதுவும் இல்லையென்றால் எனக்குப் பிடித்த தந்திரம்: டிவியின் யூஎஸ்பி துளை. பல டிவிகளில் டிவி எரியும்போது மட்டும் அதில் 5 வோல்ட் வரும். அதை ஓர் ஆப்டோகப்ளர் (மின்தொடர்பு இல்லாமல் ஒளியால் சிக்னலைக் கடத்தும் சிப்) வழியாகப் போர்டுக்குக் கொடுத்தால், டிவி விழித்திருக்கிறதா என்று கன்ட்ரோலருக்கு எப்போதும் தெரியும். உங்கள் டிவியில் அணைத்த பிறகும் 5 வோல்ட் நிற்கிறதா என்று மல்டிமீட்டரால் முதலில் பார்த்துவிடுங்கள்.

ஆர்எஸ்-232 வழியில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தக் கம்பிகளில் 15 வோல்ட் வரை, நேராகவும் எதிராகவும் வரலாம். நேராக இணைத்தால் ஈஎஸ்பி32 அந்த நொடியே போய்விடும். மேக்ஸ்3232 சிப் உள்ள சிறு மாற்றிப் பலகை ஒன்றை நடுவில் வையுங்கள். வேகம், கட்டளைப் பட்டியல் எல்லாம் புரொஜெக்டர் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் பதில் இல்லையென்றால் 2, 3 எண் கம்பிகளை மாற்றிப் பாருங்கள்.

விளக்கும் 230 வோல்ட்டும்

இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பானவன். 230 வோல்ட் ஒயரிங்கை இதற்குமுன் செய்ததில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கன்ட்ரோலரும் ரிலேயும் ஒரே பெட்டியில் என்றால் நடுவில் தடுப்பு வேண்டும். ரிலே ஃபேஸ் கம்பியைத்தான் துண்டிக்க வேண்டும், நியூட்ரலை அல்ல. ரிலேயின்மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஏசியை அதில் மாட்டாதீர்கள். கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் ரிலேயின் வாயை ஒட்ட வைத்துவிடும். ஏசிக்கு ரிமோட் கட்டளையே போதும்.

மலிவு ரிலே போர்டுகளில் பல தலைகீழாக வேலை செய்பவை: பின்னைத் தாழ்த்தினால் போடும், உயர்த்தினால் அணைக்கும். மின்சாரம் வந்து ஈஎஸ்பி32 எழும் நேரத்தில் விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தால் காரணம் இதுதான்.

பழைய சுவர் சுவிட்சைக் கழற்ற வேண்டாம். மாடிப்படி விளக்குக்குப் போடும் இருவழி சுவிட்சுபோல ரிலேயையும் சுவிட்சையும் இணைக்கச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியனுக்கு இது புரியும். கன்ட்ரோலர் செத்தாலும் விளக்கு எரியும்.

ஒளியை மெல்ல மங்கச் செய்யும் அந்தத் தியேட்டர் அழகு வேண்டுமா? 230 வோல்ட் டிம்மரோடு மல்லுக்கட்டாதீர்கள். சாதாரண எல்இடி பல்பு அதில் துடிக்கும், சீக்கிரம் கெடும். திரைக்குப் பின்னாலும் கூரை ஓரத்திலும் 12 வோல்ட் எல்இடி பட்டையை ஓட்டுங்கள். மீட்டருக்கு 4.8 வாட் பட்டை ஐந்து மீட்டர் என்றால் 24 வாட், அதாவது 2 ஆம்பியர். பட்டையைப் போட்டு அணைக்க ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) ஒன்று போதும். கடையில் அதற்குப் பதிலாக ஐஆர்எஃப்540 தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், 3.3 வோல்ட்டுக்கு அது முழுதாகத் திறக்காது, சூடாகும்.

மோட்டார் திரையை ஏற்ற ஒரு ரிலே, இறக்க ஒரு ரிலே என்று வைப்பவர்கள், இரண்டும் ஒரே நேரத்தில் போடவே முடியாதபடி ஒயரிங்கிலேயே தடுத்துவிடுங்கள். நிரலில் மட்டும் தடுத்தால் போதாது. நிரலில் பிழை வரும், மோட்டார் கருகும்.

மென்பொருளும் வரிசையும்

நிரல் எழுதத் தெரியாது என்பவர்களுக்கு ஈஎஸ்பிஹோம் என்ற ஆயத்த மென்பொருள். எந்தப் பின்னில் என்ன இருக்கிறது என்று சில வரிகளில் எழுதினால் மீதியை அதுவே செய்யும். முதல்முறை யூஎஸ்பி கேபிளில் ஏற்ற வேண்டும். பிறகு வைஃபை வழியாகவே மாற்றலாம். ஈஎஸ்பி32க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும் என்பதை ரவுட்டரில் கவனியுங்கள். போர்டுக்கு நிலையான முகவரி ஒன்றையும் அங்கேயே ஒதுக்கிவிடுங்கள்.

"படம்" பொத்தானுக்கு என் வீட்டு வரிசை இது: முதலில் ஏவி ரிசீவர். மூன்று நொடி கழித்து புரொஜெக்டர். அது சூடாகும் வரை, சுமார் முக்கால் நிமிடம், எந்தக் கட்டளையும் இல்லை. அந்த நேரத்தில் திரை இறங்குகிறது. பிறகு இன்புட் மாற்றம். கடைசியாக விளக்கு பத்து நொடியில் மெல்ல மங்குகிறது. அவசரப்பட்டுக் கட்டளைகளை அடுக்கினால் பாதி காற்றில் போகும்.

அணைக்கும் வரிசையில் விளக்கு முதலில் வர வேண்டும், இருட்டில் யாரும் தடுக்கி விழாதபடி. லாம்ப் உள்ள புரொஜெக்டருக்கு அணைக்கும் கட்டளையை அனுப்பிவிட்டு அதன் விசிறி ஓடி ஆறும் வரை விட்டுவிடுங்கள். மின்சாரத்தையே ரிலேயால் துண்டிக்கும் யோசனை வந்தால் உடனே கைவிடுங்கள். லாம்பின் ஆயுள் அதில்தான் போகும். அதே காரணத்துக்காக, புரொஜெக்டருக்கு ஒரு சிறு யூபிஎஸ் வைத்திருக்கிறேன்.

கைப்பேசிச் செயலி மட்டும் போதாது. கைப்பேசி வேறு அறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். சோபாவின் கைப்பிடிக்குக் கீழே இரண்டு பொத்தான் வைத்தேன்: பச்சை, சிவப்பு. என் அம்மாவுக்கு நான் எதுவும் விளக்கவில்லை. மறுநாள் மாலை ஏழரைக்குப் பச்சையை அழுத்தி, சீரியல் வந்ததும் சத்தத்தை மட்டும் தன் பழைய ரிமோட்டால் கூட்டிக்கொண்டார்.

பெட்டியை மூடுமுன் மூடியின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டுங்கள்: எந்தப் பின்னுக்கு எந்த ஒயர், போர்டின் முகவரி, ரிமோட் எண்கள். நிரலின் பிரதி ஒன்றை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். இரண்டு வருடம் கழித்துத் திறக்கும்போது அந்த ஒயரிங்கைச் செய்தது நீங்கள்தான் என்பதே உங்களுக்கு மறந்திருக்கும்.